உதவி: டிக்கை எடுத்தாலும் தராசு கேபிள் தூங்கிவிடுகிறது

மளிகை மணி:
அவசரம். கடையில் எலக்ட்ரானிக் தராசை யூஎஸ்பி சீரியல் கேபிள் போட்டு பில்லிங்கோடு இணைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் ஆள் வராவிட்டால் எடை வருவதில்லை. பிடுங்கிச் செருகினால் வருகிறது. டிவைஸ் மேனேஜரில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் டிக் திரும்ப இருக்கிறது. யாராவது சொல்லுங்க.

சர்வீஸ் செல்வம்:
எந்த விண்டோஸ்? லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? கேபிள் நேராகப் போகிறதா, நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) உண்டா? பில்லிங் எந்த காம் போர்ட்டை (சீரியல் கேபிளுக்கு விண்டோஸ் தரும் எண்) பார்க்கிறது?

வயரிங் வாத்தியார்:
சாஃப்ட்வேரைக் குடையாதீர்கள், இது கரண்ட் விஷயம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்ப்தான். முதலில் கடை எர்த்தைப் பாருங்கள்.

மளிகை மணி:
விண்டோஸ் 10, லேப்டாப். எர்த் நன்றாக இருக்கு அண்ணே. காம் போர்ட் ஆட்டோ.

பொட்டி தட்டி:
விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கேபிளுக்கு உரிய இடத்தில் பவர் மேனேஜ்மென்ட் மதிப்பை 0 ஆக்குங்கள். எனக்கு வேலை செய்தது.

மூத்த பயனர்:
தேடல் பெட்டியை இங்கே அலங்காரத்துக்கு வைக்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். சாதனத்துக்குச் சீரியல் நம்பர் இருந்தால் எந்த போர்ட்டில் செருகினாலும் விண்டோஸுக்கு அது பழைய ஆள்தான். இந்த மாதிரி கேபிளுக்குள் இருக்கும் சிஎச்340 போன்ற மலிவு சிப்பில் பெரும்பாலும் அந்த நம்பர் இருக்காது. அப்போது செருகிய போர்ட்டே அடையாளம். போர்ட் மாறினால் புது ஆள், புது காம் எண், டிக்கும் பழையபடி. பொட்டி தட்டி சொல்கிற ரெஜிஸ்ட்ரி மதிப்பும் அந்தப் பழைய ஆளின் பெயரில்தான் இருக்கும். அதனால் பயனில்லை. சந்தேகமிருந்தால் டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மளிகை மணி:
ஆமாம். காம் 3, காம் 5, காம் 8 என்று மங்கலாக வரிசையாக நிற்கிறது. ராத்திரி லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போவேன். காலையில் பையன் கைக்கு வந்த ஓட்டையில் செருகுவான். ஹப் ஒன்று இருக்கு, ஸ்கேனர் பிரின்டர் எல்லாம் அதில்தான்.

சர்வீஸ் செல்வம்:
ஹப் உண்டா என்று முதலிலேயே கேட்டேனே! அப்படியானால் தினமும் காலையில் ஹப்பும் புது ஆள், அதன் கீழே இருப்பதும் புது ஆள். ஹப்புக்கும் தனியாக ஒரு டிக் உண்டு, பார்த்தீர்களா?

வயரிங் வாத்தியார்:
பார்த்தீர்களா, ஹப்! அடாப்டர் இல்லாத ஹப் என்றால் அந்த 500 மில்லியாம்பைத்தான் எல்லாரும் பங்குபோட வேண்டும். நான் சொன்னதும் அதுதான்.

பெங்குயின் பித்தன்:
லினக்ஸில் இந்தக் கூத்தே இல்லை. புதிதாகச் செருகும் சாதனத்தை லினக்ஸின் மையமான கெர்னல் தானாகத் தூங்க வைக்காது, ஹப் மட்டும்தான் விதிவிலக்கு. சாதனம் செருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் யூடெவ்வில் ஒரு வரி விதி எழுதினால் எந்த போர்ட்டில் செருகினாலும் பிடித்துக்கொள்ளும்.

பொட்டி தட்டி:
கதை விடாதீர்கள். என் லினக்ஸ் லேப்டாப்பில் மவுஸை 2 விநாடி தொடாவிட்டால் செத்துப்போகிறது. உலுக்கினால் வராது, கிளிக் பண்ணினால்தான் எழும்.

பெங்குயின் பித்தன்:
மின்சாரம் மிச்சம் பிடிக்கும் கருவியான பவர்டாப்பின் ஆட்டோ டியூனைப் பூட் ஆகும்போது ஓட விட்டிருப்பீர்கள். மவுஸைக் கழற்றி மாட்டுங்கள், சரியாகிவிடும். அது பூட்டின்போது மாட்டியிருந்ததை மட்டும்தான் மாற்றும். பின்னால் வருவதற்குக் கெர்னலின் இயல்பு அமைப்புதான்.

பொட்டி தட்டி:
கழற்றி மாட்டியதும் சரியானது. ஆனால் மளிகைக் கடைக்காரரை யூடெவ் எழுதச் சொல்வது நியாயமா?

பெங்குயின் பித்தன்:
ரெஜிஸ்ட்ரியைத் திறக்கச் சொன்னவர் நியாயம் பேசுகிறார்.

மூத்த பயனர்:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். மணி, ஒவ்வொரு டிக்காகத் துரத்த வேண்டாம். பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்க வைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்டை நிறுத்துங்கள். அது பவர் பிளானுக்கு உரியது, எந்த போர்ட் என்று பார்க்காது. பேட்டரி, சார்ஜர் என்று இரண்டு வரி இருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். பாதிப் பேர் ஒன்றோடு எழுந்துவிடுவார்கள்.

சர்வீஸ் செல்வம்:
சில புது லேப்டாப்பில் அந்த வரியே தெரியாது. தெரியாவிட்டால் ஒரே போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, பையனை அதில் மட்டும் செருகச் சொல்லுங்கள். அந்த ஒன்றில் ஹப், கேபிள் இரண்டின் டிக்கையும் எடுத்தால் போதும்.

மளிகை மணி:
வரி இருந்தது, ரெண்டையும் மாத்திட்டேன். மத்தியானம் சும்மா கிடந்த பிறகும் எடை வருது. கூட்டம் வந்துட்டது, அப்புறம் வரேன்.

வயரிங் வாத்தியார்:
எர்த்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புது வரவு:
எனக்கும் இதே பிரச்சனை, ஆனால் வெளி ஹார்ட் டிஸ்க். என்ன செய்ய?

மூத்த பயனர்:
புது இழை தொடங்குங்கள். எந்த விண்டோஸ், ஹப் உண்டா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.