அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

மதுரையில் எங்கள் மாடி வீட்டில் 4 வருடம் குடியிருந்தவர்கள் போன வாரம் காலி செய்தார்கள். வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000. வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை, அதனால்தான் கணக்கு போடக் கை வரவில்லை.

ஹாலில் டிவி மாட்ட டிரில் போட்ட ஓட்டைகள் ஆறு. ஒன்றில் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து செங்கல் தெரிகிறது. அடுப்படி கிரானைட் மேடையின் முனை உடைந்திருக்கிறது. பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் ஊறி உப்பிவிட்டது. அது தண்ணீர் பட்டுத் தானாக வந்ததுதான், அவர்கள் தலையில் கட்ட மனமில்லை.

பெயின்டர் முழு வீட்டுக்கும் 18,000 கேட்கிறார். "ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள், எல்லாரும் அப்படித்தான்" என்கிறார் மாமா. ஆனால் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. தண்ணீர் டேப், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி போன்றவைதான் குடியிருப்பவர் பக்கம். கழித்தது போக மீதியை ஒரு மாதத்துக்குள் கொடுக்கவும் வேண்டும்.

பூச்சு வேலைக்கு மட்டும் கொத்தனார் கூலியைப் பிடிக்கலாமா? கிரானைட் 11 வருடப் பழசு, அதற்குப் புது விலை கேட்பது நியாயமா, பாதியா? அப்புறம், குடிவந்தபோது போட்டோ எதுவும் எடுத்து வைக்கவில்லை. வீடு வாடகைக்கு விட்டவர்களும், குடியிருப்பவர்களும் சொல்லுங்கள்.