"டோபமின் கூடினால் மனச்சிதைவு" என்று ஸ்லைடில் போடலாமா?

ஈசூன்_மாலதி:
வணக்கம். அடுத்த மாதம் சமூக மன்றத்தில் பராமரிப்பாளர்களுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) பற்றித் தமிழில் 40 நிமிட உரை. உயிரியல் காரணங்களுக்கு மூன்று ஸ்லைடுகள்:
1) டோபமின் (மூளையில் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்) கூடுவதால் நோய் வருகிறது.
2) 80 விழுக்காடு மரபணு.
3) நோயுள்ள மூளை, நோயில்லாத மூளை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்கேன் படங்கள்.
இது வளர்ப்பின் குற்றமல்ல என்று குடும்பங்களுக்குப் புரியவேண்டும். எது நிற்கும், எது நிற்காது?

மருந்தகப்_பலகை:
முதல் ஸ்லைடு இப்படியே போகக்கூடாது. மருந்து வேலை செய்வதைப் பார்த்துப் பின்னோக்கி ஊகித்த காரணம் அது. 1952ல் பாரிஸில் இந்த நோய்க்கான முதல் மருந்தான குளோர்புரோமசைன் கொடுத்தபோது டோபமின் பேச்சே இல்லை. 1963ல் சுவீடன் ஆய்வாளர் கார்ல்சனின் சுண்டெலிச் சோதனைகளுக்குப் பிறகே அந்த யோசனை கிளம்பியது. 1970களின் நடுவில் வலுவான சான்று கிடைத்தது: டி2 ஏற்பியில் (மூளைச் செல்லில் டோபமின் வந்து ஒட்டும் இடம்) எந்த மருந்து இறுக்கமாக ஒட்டுகிறதோ, அது குறைந்த மில்லிகிராமிலேயே வேலை செய்கிறது.

ஆனால் இடிக்கும் இடங்கள் உண்டு. மருந்து சில மணி நேரத்தில் ஏற்பியை அடைத்துவிடும். நோயாளியின் காதில் மட்டும் கேட்கும் குரல்கள் நன்றாக அடங்க வாரக்கணக்கில் ஆகும். குரலும் சந்தேகமும் தணிந்த பிறகும் பேச்சு வற்றிப்போவது, குளிக்கக்கூட மனம் எழாதது, கவனம் நிற்காதது எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வீட்டில் "சோம்பேறி" என்று திட்டு வாங்குவது இதற்காகத்தான். உரையில் இதற்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று, சிலருக்கு டி2 ஏற்பிகளில் 65 முதல் 80 விழுக்காடு அடைபட்டும் பலன் இருக்காது. அதற்கு மேல் அளவைக் கூட்டினால் கைநடுக்கமும் உடல் இறுக்கமும்தான் கூடும். இத்தகையவர்களில் பலருக்கு டோபமின் உற்பத்தி கூடுதலாகவே இல்லை என்று மூளையின் வேதிச் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. டி2ல் தளர்வாக ஒட்டும் குளோசபைன் என்ற மருந்துதான் அங்கே கைகொடுக்கிறது: 1988ல் வந்த ஆய்வில் குளோசபைன் எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினர் தேறினார்கள், குளோர்புரோமசைன் எடுத்தவர்களில் 4 விழுக்காட்டினர் மட்டுமே. 2024ல் அமெரிக்கா அனுமதித்த சனோமெலின்-டிராஸ்பியம் என்ற கூட்டு மருந்து டி2வைத் தொடுவதே இல்லை.

இப்படி எழுதலாம்: "குரலும் சந்தேகமும் மிகும்போது பலருக்கு மூளையின் ஒரு பகுதியில் டோபமின் கூடுதலாகச் சுரக்கிறது. மருந்து அதைத் தணிக்கிறது. ஏன் சுரக்கிறது என்பது வேறு கேள்வி."

தெம்பனிஸ்_தாமரை:
80 விழுக்காடு என்பதைக் கேட்கும் தாய் "என் அடுத்த பிள்ளைக்கும் 80 விழுக்காடு" என்றே எடுத்துக்கொள்வார். அந்த எண் ஒரு மக்கள்தொகைக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது, தனி ஒருவரின் வாய்ப்பைப் பற்றியது அல்ல. அதை எடுத்துவிட்டு இவற்றைப் போடுங்கள்: பொதுவாக 100ல் ஏறக்குறைய 1, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 100ல் சுமார் 10 அல்லது அதற்கும் குறைவு, ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு பழைய ஆய்வுகளில் 40-50, 2018 டென்மார்க் ஆய்வில் 33. மரபணு ஒன்றாகவே இருந்தும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதில்லை.

"பெண் பார்க்கும்போது டெஸ்ட் எடுக்கலாமா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அப்படி ஒரு டெஸ்ட் இல்லை. 2022ல் வெளியான பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் 287 இடங்களைக் காட்டியது; ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது, அதனால் நோய் வரும் வாய்ப்பைக் கணிக்க அதிலிருந்து போடும் மதிப்பெண் நம்மவர்களுக்குச் சரியாகப் பொருந்தாது. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டவர்கள் விதிவிலக்கு: அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு மனச்சிதைவோ அதையொத்த நோயோ வருகிறது.

புவாங்கோக்_காற்று:
ஸ்கேன் படத்தை எடுத்துவிடுங்கள். மூளைக்குள் இருக்கும் திரவ அறைகள் பெரிதாக இருப்பது 1976 முதலே தெரியும், ஆனால் அது குழுச் சராசரி. நோயுள்ளவர்களில் பலரின் அளவு நோயில்லாதவர்களின் வரம்புக்குள்ளேயே விழும். நீண்டகால மருந்தும் மதுவும்கூட மூளையின் அளவைப் பாதிக்கும். முதன்முறை நோய் வரும்போது ஸ்கேன் எடுத்தால், அது கட்டி போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க. மனச்சிதைவை உறுதிசெய்ய அல்ல. படத்தைக் காட்டினால் "எங்கள் பையனுக்கு ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை?" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போவார்கள். அந்த இடத்தில் சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஈசூன்_மாலதி:
நன்றி, மூன்றையும் மாற்றுகிறேன். ஆனால் "மூளை நோய்" என்று அழுத்திச் சொன்னால் ஊர்ப்பழி குறையும் இல்லையா?

தெம்பனிஸ்_தாமரை:
பழி குறையும். ஆனால் உயிரியல் காரணம் மட்டும் சொன்னால் "இனி தேறவே மாட்டார்" என்ற எண்ணமும், அவர்களிடமிருந்து விலகி நிற்கும் விருப்பமும் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கஞ்சா, பிறப்பின்போது நேரும் சிக்கல், புலம்பெயர்வு ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு. ஒரு வரியில் சேருங்கள். பலர் தேறி வேலைக்குப் போகிறார்கள் என்பதை அதே ஸ்லைடிலேயே போடுங்கள், கடைசி ஸ்லைடுக்குத் தள்ளவேண்டாம்.