டிசம்பர் 31 கூட்டத்துக்கு ஒரு யோசனை வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாட்ச்நைட் ஆராதனைக்கு (புத்தாண்டு பிறக்கும் ராத்திரி ஆராதனை) முன் வாலிபர் கூட்டத்தில் பிலிப்பியர் 3:13-14 எடுக்கிறோம்: பவுல் ‘பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி’ ஓடுவதாகச் சொல்லும் பகுதி. 45 நிமிஷம், எட்டு எட்டுப் பேராகக் குழு. ஓரிடத்தில் முட்டி நிற்கிறது.

வழக்கமாக பாவங்களைச் சீட்டில் எழுதி மெழுகுவர்த்தியில் கொளுத்துவார்கள். சீட்டு சாம்பலாகும், குற்றவுணர்வு பொங்கலுக்குள் திரும்பிவிடும். ‘மறந்து’ என்றால் ஞாபகமே இல்லாமல் போவது என்று எடுத்துக்கொள்வதுதான் கோளாறு. சபையைத் துன்பப்படுத்தியதை 1 கொரிந்தியர் 15:9-ல் பவுலே சொல்கிறார். ஞாபகம் இருக்கிறது, அதன் பிடி இல்லை. பிலிப்பியர் 3:5-8-ல் அவர் தள்ளிவிடுவது பென்யமீன் கோத்திரத்தான், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன் என்ற பெருமைகளையும்தான். (இதை யாரும் சீட்டில் எழுதுவதில்லை!) கிரேக்க மூலத்தில் ‘மறந்து’ என்ற வினை தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும், ஒரு ராத்திரி வேலை அல்ல.

அதனால் இந்த வருஷம் கொளுத்தல் கிடையாது. சீட்டை மூன்றாக மடிக்கிறோம்: தேவனிடம் அறிக்கையிட வேண்டியது, ஆளிடம் போய்ச் சரிசெய்ய வேண்டியது, நான் மன்னிக்க வேண்டியது. நடுப்பகுதியில் பெயரும் தேதியும் கட்டாயம்: ‘வாங்கிய 2,000 ரூபாய், ஜனவரி 7-க்குள்’ என்கிற மாதிரி. கடைசிப் பகுதிக்கு முன், மன்னிப்பது வேறு, அடித்தவரோடு மறுபடி போய் வாழ்வது வேறு என்று சொல்லிவிடுவோம்.

சிக்கல் நடுப்பகுதியில். அந்த ஆள் இறந்துபோயிருந்தால்? பணமென்றால், வாங்கிக்கொள்ள உறவினர் இல்லாதபோது கர்த்தருக்குச் செலுத்த எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது. வாயால் செய்த காயத்துக்கு என்ன எழுதச் சொல்வது? கூட்டம் நடத்திப் பழக்கப்பட்டவர்கள் சொல்லுங்கள்.