மனநல ஆலோசகரின் சொந்தக் கஷ்டம்: உங்களுக்கு உதவியதா, இடைஞ்சலா?

குடியாத்தத்துப் பொண்ணு:
கவுன்சிலிங் போனவர்கள் எழுதுங்கள். முதலில் என் கதை.

எங்கள் வீட்டில் லுங்கித் தறி. நைனாவுக்குக் குடி. கல்யாணமாகி வேலூர் வந்த பிறகும் எனக்குத் தூக்கம் கிடையாது, சாயங்காலமானால் படபடப்பு. ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், நார்மல். கடைசியில் ஒரு சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் அனுப்பினார்கள். அங்கேயும் நான் பட்டும் படாமலும்தான் பேசினேன். "குடிப்பார், சத்தம் போடுவார், அவ்வளவுதான்." ஒருநாள் அவர் கேட்டார்: "தெருமுனையில வண்டிச் சத்தம் கேட்கும்போதே, இன்னிக்கு எப்படி வர்றார்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

தூக்கிவாரிப்போட்டது. தெரியும்! நைனாவின் டிவிஎஸ் 50 ஒரே சீராக வந்து நின்றால் பயமில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு முறுக்கிக்கொண்டு வந்தால், அம்மா தறியை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். இப்போதும் வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் என் கை செய்கிற வேலையை விட்டுவிடும். வருவது என் வீட்டுக்காரர். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன். எனக்கே இது ஒரு விஷயமாகத் தெரிந்ததில்லை.

"எப்படி மேடம் கரெக்டா கேட்டீங்க?" என்றேன். "நானும் அந்த மாதிரி வீட்லதாம்மா வளர்ந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர் அப்பா என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. கேட்க வாய் துறுதுறுத்தது. அவர் இடம் கொடுக்கவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
உங்களுக்கு யோகம், சிஸ்டர். எனக்கு வாய்த்தவர் வேறு ரகம். வீட்டில் பிரச்சினை முற்றி, மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம். ஒரு கிளினிக், பேர் வேண்டாம். மாமனார் வீட்டைப் பற்றி நான் வாயைத் திறந்ததும் "எனக்கும் இதே கதைதான் சார்" என்று ஆரம்பித்தார். ஃபேமிலி கோர்ட் வாய்தா, ஜீவனாம்சம், பிள்ளையைப் பார்க்க விடாதது, எல்லாம் வந்தது. கண் கலங்கிவிட்டார். நான்தான் தேற்றினேன். ஃபீஸும் நான்தான் கொடுத்தேன்.

அதைக்கூட விட்டுவிடலாம். "இனிமே ஒட்டாது சார், சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று தன் தீர்ப்பையே எனக்கும் சொல்லி அனுப்பினார். நாங்கள் முடித்துக்கொள்ளவில்லை.

பாகாயம் பக்கம்:
நானும் இதே தொழில்தான். காலேஜில் டிப்ரெஷன் வந்து படிப்பை நடுவில் விட்டவள் என்பதால் எழுதத் தோன்றுகிறது.

எங்கள் துறையில் இது பழைய பேச்சு. தானே வலி பட்டவர், அதனாலேயே பிறர் வலியை ஆற்றுபவர் என்ற பொருளில் 'காயம்பட்ட வைத்தியர்' என்று யுங் எழுதினார், சுவிஸ் மனநல மருத்துவர். மனப்பகுப்பாய்வு, அதாவது பேச்சின் வழியே ஆழ்மனதை ஆராயும் சிகிச்சை, செய்பவர் முதலில் தன்னைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியதும் அவர் இருந்த ஸூரிக் குழுதான். 1912இல் அந்தச் சிகிச்சையைத் தொடங்கிய ஃப்ராய்டே அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுத்து எழுதினார். அப்புறம் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான். 1961இல், 17 வயதில், தன்னைத்தானே வெட்டிக்கொண்டும் சூடு வைத்துக்கொண்டும் இருந்த நிலையில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். பிற்காலத்தில் அப்படித் தவிப்பவர்களுக்கென்றே டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கினார். தன் கதையை ஊரறியச் சொன்னது 2011இல்தான், அதே மருத்துவமனையில் நின்று. அதற்குள் அந்தச் சிகிச்சை ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு நிலைத்துவிட்டது. எதைத் தேடணும் என்பதை அவர் வலி காட்டியிருக்கும். பலன் தருமா என்பதற்கு அந்த வலி சாட்சி ஆகாது, ஆய்வுதான் சாட்சி.

நம்ம ஊரிலேயே டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய்ப் பயிற்சி எடுத்துவந்து வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் மறுவாழ்வுத் துறையை வளர்த்தார். அவர் தன் கதையை வாயால் சொல்லவே வேண்டாம், நாற்காலியே சொல்லிவிடும். எங்கள் காயம் வெளியே தெரியாது. அதனால் சொல்வதா வேண்டாமா, சொன்னால் யாருக்கு லாபம் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கணும்.

குடியாத்தத்து சகோதரி சொன்ன கேள்வியைப் பாருங்கள். "தெரிஞ்சிடுமா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லவும் அதில் வழி இருந்தது. "தெரிஞ்சிருக்குமே" என்று அடித்துச் சொல்லியிருந்தால் அது மேடம் வீட்டுக் கதையாகியிருக்கும். காட்பாடி சாருக்கு நடந்தது அதுதான்.

என்னிடம் ஒரு பையன் "படிப்பை விட்டுட்டேன் மேடம்" என்று வந்து உட்கார்ந்தால் உள்ளே ஓர் அவசரம் கிளம்பும்: நான் எழுந்த மாதிரியே இவனும் எழுந்துவிடணும். அந்த மாதிரி கேஸை என் சூப்பர்வைசரிடம், அதாவது என் வேலையைப் பார்த்து வழிகாட்டுகிறவரிடம், கொண்டுபோய்விடுவேன். "இது பையனோட அவசரமா, உன்னோடதா?" என்பார். பல நாள் என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஆம்பூர் பஸ்:
அம்மாவைப் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தங்கைதான் கூடவே தங்கினாள். அங்கே ஆரம்பத்திலிருந்தே வீட்டாள் ஒருவர் நோயாளியோடு தங்கவேண்டும் என்பதுதான் பழக்கமாம். இப்போது அவள் சைக்காலஜிதான் படிப்பேன் என்று நிற்கிறாள். "நம்ம வீட்டுல பட்டது போதாதா?" என்கிறார் பெரியப்பா.

பாகாயம் பக்கம்:
படிக்கட்டும். கிளினிக்கல் பக்கம் போவதென்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள படிப்பா என்று மட்டும் விசாரித்துச் சேருங்கள். அதோடு, அவளுக்கென்று ஓர் ஆலோசகரை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர் பஸ்:
அவளுக்கு ஒண்ணுமில்லையே மேடம், அம்மாவுக்குத்தானே?

பாகாயம் பக்கம்:
ராத்திரியெல்லாம் கண் முழித்துப் பார்த்துக்கொண்டது அவள்தானே தம்பி? உடனே ஆள் கிடைக்காவிட்டால் 14416க்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.