மறு: ஓசியாவின் ‘ரீவ்’ தீர்ப்பா, வழக்குரையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓசியா முதலிய தீர்க்கதரிசிகளின் நூல்களில் தேவன் தம் மக்களோடு வாதாடும் பகுதிகளை எபிரேயத்தில் ‘ரீவ்’ என்பார்கள்; நம் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளில் பாதியில் ‘தீர்ப்பு’ இருக்கிறது, மீதியில் ‘தண்டனை’ இருக்கிறது. இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

> ‘தண்டனைத் தீர்ப்பு உரை’ என்றே வைத்துவிடலாம். மக்கள் விக்கிரகத்தை வணங்கினார்கள், தேவன் தண்டித்தார். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை ஐயா. ஓசியா 4:1 பழைய மொழிபெயர்ப்பில் எப்படி இருக்கிறது பாருங்கள்: “தேசத்துக் குடிகளோடே கர்த்தருக்கு வழக்கு இருக்கிறது.” அந்த ‘வழக்கு’தான் மூலத்தில் ரீவ். மீகா 6:2லும் இதே சொல். எரேமியா 2:9இல் வினையாக, ‘வழக்காடுவேன்’ என்று வருகிறது. வழக்கு என்றாலே தீர்ப்பு ஆகிவிடாது. வழக்குப் போட்டவர் எதை எதிர்பார்த்துப் போட்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓசியா இரண்டாம் அதிகாரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் படிப்போம். இதில் இஸ்ரவேல் மனைவி, கர்த்தர் கணவர். “உங்கள் தாயோடே வழக்காடுங்கள்” என்று வழக்கு தொடங்குகிறது. குற்றச்சாட்டு, பாகால் என்ற கானானியத் தெய்வத்தை வணங்கியது. ஆனால் அதைச் சொல்கிற விதம் சொத்து வழக்கு மாதிரி இருக்கிறது. அப்பம், தண்ணீர், ஆட்டுமயிர், சணல், எண்ணெய் எல்லாம் என் நேசர்கள் கொடுத்தது என்கிறாள் அவள். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வெள்ளியும் பொன்னும் நான் கொடுத்தது, அதைத்தான் கொண்டுபோய்ப் பாகாலுக்கு ஆக்கினார்கள் என்கிறார் அவர். அப்புறம் வரும் வசனத்தில் ‘என் தானியம், என் திராட்சரசம்’ என்று ‘என்’ போட்டுப் பேசித் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார். விக்கிரக ஆராதனை என்பது இங்கே, கொடுத்தவர் ஒருவர் இருக்க நன்றியை இன்னொருவருக்குச் செலுத்துவது. கல்லும் மரமும் அதற்குப் பிறகுதான்.

இப்போது எபிரேய வாக்கிய அமைப்பு. இந்த அதிகாரத்தில் ‘லாகேன்’, அதாவது ‘ஆகையால்’, மூன்று முறை வருகிறது. முதல் ‘ஆகையால்’: அவள் வழியை முள்ளால் அடைப்பேன். இரண்டாவது: கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வேன். மூன்றாவதில்தான் தீர்ப்பு விழும் என்று கேட்பவர் காத்திருப்பார். அங்கே வருவதோ, அவளுக்கு நயங்காட்டி வனாந்தரத்துக்கு அழைத்துக்கொண்டு போய் அவளோடு பட்சமாய்ப் பேசுவேன் என்பது. குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது, ‘ஆகையால்’ என்ற சொல்லும் மாறவில்லை, முடிவு மட்டும் திசை மாறிவிட்டது. இந்தப் பகுதிக்குத் ‘தண்டனைத் தீர்ப்பு’ என்று தலைப்புக் கொடுத்தால், மாணவர் மூன்றாவது ‘ஆகையால்’ வரைக்கும் போகவே மாட்டார்.

> இது மேலைநாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வடிவம்தானே? அவர்கள் நீதிமன்ற வழக்கு என்றே சொல்கிறார்களே?

எல்லாரும் அப்படிச் சொல்வதில்லை அம்மா. 1959இல் ஹெர்பர்ட் ஹஃப்மன் இதை, தேவனுக்கும் இஸ்ரவேலுக்கும் இடையிலான உடன்படிக்கையை மீறியதற்கான வழக்கு என்று விளக்கினார். மீகா 6இல் பர்வதங்களையும் ஏசாயா 1:2இல் வானத்தையும் பூமியையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள் அல்லவா? பண்டைய அனத்தோலியாவை (இன்றைய துருக்கி) ஆண்ட ஹித்தைட் அரசர்களின் உடன்படிக்கைகளிலும் மலைகள், ஆறுகள், வானம், பூமி எல்லாம் சாட்சிப் பட்டியலில் உண்டு. அந்த ஒப்புமை பலமான ஆதாரம். ஆனால் 1983இல் மைக்கேல் டி ரோஷ் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: நீதிமன்ற வழக்கு என்றால் மூன்றாவதாக ஒரு நீதிபதி வேண்டுமே, அவர் எங்கே? ரீவ் என்பது இரண்டு தரப்புக்கு இடையில் நேருக்கு நேர் நடக்கும் பிணக்கு என்பது அவர் வாதம். ஆதியாகமம் 26இல் ஈசாக்கின் மேய்ப்பர்களோடு கேராரின் மேய்ப்பர்கள் துரவுக்காகச் சண்டை போடுகிறார்களே, அங்கேயும் இதே வேர்ச்சொல்தான். அங்கே நீதிமன்றமும் இல்லை, நீதிபதியும் இல்லை. யாத்திராகமம் 17இன் மேரிபா என்ற இடப்பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே. அங்கே வழக்காடியவர்கள் ஜனங்கள்.

எனக்கு டி ரோஷ் சொல்வது முக்கால்வாசி சரி என்று படுகிறது. ஏசாயா 5:3இல், எனக்கும் என் திராட்சத்தோட்டத்துக்கும் நியாயந்தீருங்கள் என்று கர்த்தர் குற்றவாளிகளையே கேட்கிறார். எந்த நீதிமன்றத்தில் இது நடக்கும்?

இங்கேதான் தமிழுக்கு ஒரு வசதி. ‘வழக்கு’ என்ற சொல் கோர்ட்டு வழக்கையும் தாங்கும், வாய்ச் சண்டையையும் தாங்கும். ‘வம்பு வழக்கு’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே என் பரிந்துரை ‘வழக்குரை’. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை இருப்பதால் புதுச் சொல் என்ற கூச்சம் வேண்டாம். அங்கேயும் மூன்றாவது ஆள் கிடையாது. எதிர்வாதியே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான், சிலம்பு உடைந்ததும் தன்னைத் தானே குற்றவாளி என்கிறான். ஓசியாவில் வாதியே நீதிபதி. இந்த வேற்றுமையை வகுப்பில் சொன்னால் போதும், சொல் நிற்கும்.

மற்ற பரிந்துரைகளைப் பற்றிச் சுருக்கமாக. ‘பிராது’ எனக்கு மிகவும் பிடித்தது, ஊர்ப் பஞ்சாயத்து வாசனை அடிக்கிறது. ஆனால் பிராது கொடுத்தவர் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார், இங்கே அவரே இறங்கி வாதாடுகிறார். ‘குற்றப்பத்திரிகை’ போலீஸ் நிலையத்துச் சொல், கூடாது. ‘விக்கிரக வழக்கு’ என்றால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு நினைவுக்கு வரும். வேடிக்கையை விடுங்கள், மீகா 6இன் குற்றச்சாட்டில் கள்ளத் தராசும் கள்ளப் படிக்கல்லும் முன்னால் நிற்கின்றன, ஆகவே பொருளும் பொருந்தாது.

‘தீர்ப்பு’ என்ற சொல்லை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குற்றச்சாட்டு, அதைத் தொடர்ந்து தண்டனை அறிவிப்பு என்று கறாராக முடியும் பகுதிகள் தீர்க்கதரிசன நூல்களில் நிறையவே உண்டு. பெத்தேலில் ஆசாரியன் அமத்சியாவிடம் ஆமோஸ் பேசுவது (7:16-17) அதற்குச் சரியான உதாரணம். கிளாஸ் வெஸ்டர்மன் 1960இல் இந்த வடிவத்தைத் தனியாக வகைப்படுத்தினார். அதற்குத் ‘தீர்ப்புரை’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஆமோஸுக்கும் ஓசியாவுக்கும் உள்ள வித்தியாசமே தெரியாமல் போய்விடும்.

கடைசியாக ‘அழைப்பாணை’. மனந்திரும்பக் கூப்பிடும் பகுதிகளுக்கு இதை ஒரு நண்பர் முன்வைத்தார். நீதிமன்றச் சொற்களோடு இசைவாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அழைப்பாணை வந்தால் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் பிடிவாரண்டு. ஓசியா 14 அப்படிக் கூப்பிடுவதில்லை. “வார்த்தைகளைக்கொண்டு கர்த்தரிடத்தில் திரும்புங்கள்” என்று சொல்லி, என்ன பேச வேண்டும் என்று வாதியே எதிர்வாதிக்கு எழுதியும் கொடுக்கிறார்: அசீரியா எங்களை இரட்சிப்பதில்லை, குதிரைகளின்மேல் ஏறமாட்டோம், எங்கள் கைகளின் கிரியையைப் பார்த்து நீங்கள் எங்கள் தேவர்கள் என்று இனிச் சொல்லமாட்டோம். வல்லரசுக் கூட்டணி, படைபலம், கடைசியில்தான் கையால் செய்த விக்கிரகம். மூன்றும் ஒரே மூச்சில் வருவதைக் கவனியுங்கள். கன்றுக்குட்டி விக்கிரகத்தை உடைத்துவிட்டு அசீரியாவுக்குத் தூது அனுப்புகிறவன் இன்னும் திரும்பவில்லை என்றுதான் அர்த்தம். சபைகளில் இந்த வசனத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், முதல் இரண்டும் கொஞ்சம் சங்கடமானவை என்பதாலோ என்னவோ.

சொற்பட்டியலுக்கு நான் எழுதித் தரும் வரைவு இது:

வழக்குரை: தீர்க்கதரிசன இலக்கியத்தில், உடன்படிக்கையை மீறிய மக்களோடு தேவன் நேரடியாக வாதாடும் உரை வடிவம். சாட்சிகளை அழைத்தல், செய்த நன்மைகளை நினைப்பூட்டல், குற்றச்சாட்டு ஆகியவை இதில் இடம்பெறலாம். தண்டனை அறிவிப்போடும் முடியலாம், திரும்பி வரும்படியான அழைப்போடும் முடியலாம். எ-டு: ஓசியா 2, 4, மீகா 6, எரேமியா 2.

கத்தோலிக்க நண்பர்கள் ‘தீர்க்கதரிசன’ என்ற இடத்தில் ‘இறைவாக்கு’ என்று போட்டுக்கொள்ளட்டும், வரையறைக்கு ஒன்றும் கெடாது. ‘அழைப்பாணை’க்குப் பதில் என்னிடம் ‘அழைப்புரை’ இருக்கிறது, ஆனால் அது திருமண வீட்டு மேடைப் பேச்சு போல ஒலிக்கிறது என்று வீட்டிலேயே சிரித்துவிட்டார்கள். வேறு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.