ஆரஞ்சு அடர்சாறு: நியூயார்க் விலையும் டன் விலையும் ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி:
வணக்கம். உறையவைத்த ஆரஞ்சு அடர்சாறு, 66 பிரிக்ஸ். நியூயார்க் முன்பேரச் சந்தையில் பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று போகிறது. பிரேசில் ஏற்றுமதியாளர் டன்னுக்கு இத்தனை டாலர் என்கிறார். பவுண்டு விலையை 2,204.6ஆல் பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. கணக்கு எங்கே தவறுகிறது?

மறுமொழி 1:
நியூயார்க் விலை சாற்றின் எடைக்கு அல்ல. அதில் கரைந்துள்ள திடப்பொருளின் எடைக்கு. 66 பிரிக்ஸ் என்றால் நூறு கிலோவில் 66 கிலோ திடப்பொருள். ஆக டன்னுக்கு 660 கிலோ, அதாவது 1,455 பவுண்டு. பேச்சுக்கு 200 சென்ட் என்று வைத்தால் டன் 2,910 டாலர். அதே விலையில் 65 பிரிக்ஸ் சரக்கு 2,866 டாலர்தான் பெறும். ஒரே ஒரு பிரிக்ஸில் 44 டாலர் போகிறது! அதனால் ஒப்பந்தத்தில் '65–66' என்று விட்டுவிடாதீர்கள். ஆய்வக அளவுப்படியே பணம் என்று எழுதுங்கள். சந்தையின் ஓர் ஒப்பந்தம் 15,000 பவுண்டு திடப்பொருள். 66 பிரிக்ஸில் சுமார் 10.3 டன்.

இதற்குப் பிறகும் வித்தியாசம் இருக்கும். நியூயார்க் விலை அமெரிக்கக் கிடங்கில் கைமாறும் சரக்குக்கானது. உங்களுக்குச் சொன்னது பிரேசிலின் சான்டோஸ் துறைமுக விலையா, ஐரோப்பாவின் ராட்டர்டாம் துறைமுக விலையா, சுங்கத்தீர்வை சேர்த்ததா என்று கேளுங்கள்.

மறுமொழி 2:
பிரிக்ஸை மட்டும் பார்த்து வாங்கினால் ருசியில் அடிபடும். பிரிக்ஸை அமிலச் சதவீதத்தால் வகுத்து வரும் விகிதம்தான் முக்கியம். 66 பிரிக்ஸ், 4.4 அமிலம் என்றால் 15. இது 12, 13க்கு இறங்கினால் புளிப்பு தூக்கும். விகிதம் கூடிய சாற்றோடு கலந்துதான் சரிசெய்ய வேண்டும்.

கசப்பு தரும் 'லிமோனின்' என்ற பொருளின் அளவையும் கேளுங்கள். ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் கிரீனிங் நோய் 2004இல் பிரேசிலிலும் 2005இல் புளோரிடாவிலும் கண்டறியப்பட்டது. நோய்பட்ட மரத்துப் பழம் சிறுத்து, சரியாகப் பழுக்காமலே உதிர்கிறது. இனிப்பு குறைந்து கசப்பு ஏறுகிறது. அந்தக் கசப்பைப் பிரிக்ஸ் காட்டாது.

கேள்வி கேட்டவர்:
தெளிவாகிவிட்டது, நன்றி. பீப்பாய் வந்திறங்கியதும் எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 3:
முதலில் பயண வெப்பநிலைப் பதிவு. பீப்பாய்ச் சரக்கை மைனஸ் 18 டிகிரியில் வைப்பது வழக்கம். வழியில் சூடேறியிருந்தால் நிறம் கருக்கும். ஈஸ்ட் நொதித்து, பீப்பாய்க்குள் சாறு இருக்கும் பை உப்பும். பிறகு ஒரு கிலோவுக்கு 4.9 கிலோ தண்ணீர் சேர்த்துக் கரையுங்கள். 11.2 பிரிக்ஸ் வரும். ஐரோப்பிய ஒன்றியம் கேட்கும் குறைந்தபட்சம் அது. கரைத்த சாறு மேலே தெளிந்து அடியில் படிந்தாலோ, அடர்சாறே கூழ்போல் கட்டியிருந்தாலோ, ஆலையில் சூடாக்கியது போதவில்லை, பெக்டினைச் சிதைக்கும் நொதி உயிரோடிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்தத் தொகுதியைத் தனியே ஒதுக்கி வையுங்கள். நல்ல சரக்கோடு கலக்கவே கூடாது.