எடை குறையணும்னா முதலில் தூக்கமா, சாப்பாடா?

சோமனூர்க்காரி:
மில்லில் நைட் ஷிப்ட் போக ஆரம்பித்து நாலு வருஷம். 58 கிலோ இருந்தவள் இப்போது 71. சோற்றைக் குறைத்தேன், கொள்ளு ரசம் குடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் பகலில் நாலு மணி நேரம் கண்ணசந்தாலே பெரிது. தூக்கம் சரியாகாமல் எடை குறையாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்க.

கோபி_கரும்பு:
நான் மறுக்கிறேனுங்க அக்கா. எங்கம்மா விடிகாலை 4 மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூக்கம். ஆனாலும் சதை போடவில்லை. உடம்புக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். நைட் ஷிப்டில் நடுராத்திரி டீயும் பன்னும் எத்தனை, எண்ணிப் பாருங்க.

சோமனூர்க்காரி:
அந்தப் பன் ஏன் கேட்கிறது தம்பி? லீவு நாளில் நன்றாகத் தூங்கி எழுந்தால் அந்தப் பசியே வருவதில்லை.

பெருந்துறை_நர்ஸ்:
அக்கா சொல்லும் பசி உண்மைதான். 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம், இன்னொரு முறை இரண்டு இரவு 10 மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் கணக்கு வேண்டுமென்றால், அமெரிக்காவில் 68,000க்கு மேற்பட்ட நர்ஸுகளை 16 வருஷம் கவனித்த ஆய்வு இருக்கிறது. 5 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிடச் சராசரியாக 1.14 கிலோ கூடுதலாக ஏறியது.

ஆனால் அக்கா, 16 வருஷத்தில் ஒரு கிலோ சொச்சம்தான். உங்கள் 13 கிலோவையும் தூக்கத்தின் தலையில் கட்ட முடியாது. தைராய்டு பார்த்தீங்களா?

சோமனூர்க்காரி:
போன மாதம் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

ஈரோடு_மஞ்சள்:
எனக்கு நடந்தது தலைகீழ் கண்ணு. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பு கனத்தது, அப்புறம்தான் தூக்கம் கெட்டது. காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி. ஒரு டாக்டர் வெறும் சோர்வு என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். குறட்டை விடுகிறேன் என்று சொல்ல எனக்கும் கூச்சம். கடைசியில் மகள்தான் நான் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்துவிட்டு, வேறொரு இடத்தில் தூக்கப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். தூக்கத்தில் மூச்சுத்தடை. எடை குறையக் குறைய அதுவும் குறைகிறது. அதனால் சாப்பாட்டையும் நடையையும் விட்டுவிடாதே.

சோமனூர்க்காரி:
சரிங்கம்மா. பன்னை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து தட்டப்பயறு சுண்டல் கொண்டு போகிறேன். ஆனால் தூக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன், பகல் ஷிப்ட் கேட்டிருக்கிறேன். கோபித் தம்பி, உங்கம்மா மத்தியானம் படுப்பாரா?

கோபி_கரும்பு:
இப்போதுதான் கேட்டேன். சாப்பிட்டதும் திண்ணையில் ஒன்றரை மணி நேரம் தூங்குவாராம். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லைங்க அக்கா.